மதிலுக்குள் இருந்த நாலு பேர்

மில்பிடாஸில் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட தமிழ்ப் பெண்களில் பாதிப் பேரையாவது ஆஸிபா அக்கா திட்டியிருப்பார். என்னையும் திட்டியிருக்கிறார். கல்யாணமாகி அமெரிக்கா வந்த புதிதில், ஃப்ரீவே என்றாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கும். 680-இல் நான் நாற்பது மைலில் போய்க்கொண்டிருந்தபோது, பக்கத்து சீட்டில் இருந்து நிதானமாக, "ப்ரியா, ஆக்ஸிலரேட்டர மிதிச்சா அதுக்கு வலிக்காது. பின்னாடி வர்ற ட்ரக்குக்காரனுக்குத்தான் வயிறு வலிக்குது" என்றார். ரொம்பக் கோபம் வந்தால் தமிழை விட்டுவிடுவார். சீன மொழி மாதிரி ஏதோ ஒன்றில் படபடவென்று பொரிவார். அது கான்டனீஸ் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவரிடம் கார் கற்றுக்கொள்ளச் சீனப் பெண்களும் வருவார்கள். ஒருமுறை அவர்களில் ஒருத்தியிடம், அக்கா கோபத்தில் என்னதான் சொல்கிறார் என்று கேட்டேன். "அது எங்க பாட்டி ஊர்ப் பக்கத்துப் பேச்சு மாதிரி இருக்கு. எனக்கே பாதி புரியல" என்றாள்.

அக்காவுக்கு இப்போது ஐம்பத்தொன்று. கணவர் பசீர் அகமது ஒரு சிப் கம்பெனியில் டெஸ்டிங் எஞ்சினியர். அக்காவின் உம்மா லத்தீஃபா ஆன்ட்டியும் கூடவே இருக்கிறார். ஊரைக் கேட்டால் அக்கா "காயல்பட்டினம்" என்பார். ஆனால் அங்கே அவர் மொத்தமாக இருந்தது இரண்டு வருஷம்கூட இருக்காது. பிறந்து வளர்ந்ததெல்லாம் ஹாங்காங். அங்கே எங்கே என்று நான் கேட்டதில்லை. ஹாங்காங் என்றால் எனக்கு உயரமான கட்டடங்கள்தான்.

நான் எங்கள் ஊர் நூலகத்தில் பார்ட் டைம் வேலை பார்க்கிறேன். சீனப் புத்தாண்டுக்கு ஒரு மாதம் முன்னால், மோக் குடும்பச் சங்கம் என்ற அமைப்பு எங்கள் ஹாலில் கண்காட்சி வைக்க அனுமதி வாங்கியது. மோக் என்பது குடும்பப் பெயர். அந்தப் பெயருள்ளவர்களின் பூர்வீக ஊர் செக் லுங் வை, ஹாங்காங்கின் வடபகுதியில், சீன எல்லைக்குக் கிட்டே. 'வை' என்றால் சுற்றிலும் மதில் கட்டி அடைத்த ஊர் என்று அர்த்தமாம். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் 'எடுத்து வை' என்றுதான் காதில் விழுந்தது. கண்காட்சிக்கு நோட்டீஸ் அடித்து என்னிடம் ஒரு கட்டுக் கொடுத்திருந்தார்கள். அதில் பழைய புகைப்படம் ஒன்று. சாம்பல் நிறச் செங்கல் மதில், நடுவே ஒரே ஒரு வாசல். வாசல் படியில் பள்ளிச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு ஒரு சிறுமி.

புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்த அக்கா அந்த நோட்டீஸை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இது யாரு அடிச்சது?"

"மோக் சங்கம். ஏன்க்கா?"

"இது நான்."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "இந்த ஷூல இடது கால் லேஸ் இருக்காது. சணல் கயிறு கட்டியிருப்பேன். பாரு" என்றார். பார்த்தேன். இடது ஷூவில் ஏதோ தடியாகக் கட்டியிருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

அன்றைக்குக் கவுன்டரில் நின்றபடியே அக்கா எனக்குச் சொன்ன கதை இது.

அவருடைய வாப்பா சதக்கத்துல்லா, காயலில் இருந்து பலரைப் போல ரத்தினக் கல் வியாபாரத்துக்கு ஹாங்காங் போனவர். கூட்டாளி பிரிந்துபோனதும் நகரத்தில் வீடு வைத்திருக்கக் கட்டுப்படியாகவில்லை. கடைக்கு வந்துபோகும் மோக் ஒருவர், "எங்க ஊர்ல என் சித்தப்பா வீடு பூட்டிக் கிடக்கு. அவர் இங்கிலாந்துல ஹோட்டல் வைக்கப் போயிட்டார். வந்து இருங்க" என்றிருக்கிறார். 1981-இல், அக்காவுக்கு எட்டு வயது. தம்பி ஜுஹைருக்கு ஐந்து. ஆறு பெட்டிகளோடு அந்த ஒற்றை வாசல் வழியாக நாலு பேரும் உள்ளே போனார்கள். பத்தொன்பது வயதில் கல்லூரிக்குப் போகும்வரை அக்கா அங்கேதான் இருந்தார்.

"உள்ள எல்லாரும் மோக். கல்யாணம் கட்டி வந்த பொண்ணுங்களத் தவிர. நாங்க மட்டும் வேற. ஆனா யாரும் விரட்டல. மொதல் மாசம் பேசல, அவ்ளோதான். ரெண்டாவது மாசம் உம்மா கிணத்தடியில அவங்கள மாதிரியே துணிய அடிச்சுத் துவைக்க ஆரம்பிச்சாஹ. அப்புறம் பேச்ச நிறுத்த முடியல."

அந்தக் கிணற்றடிப் பெண்களிடம்தான் அக்கா மொழி கற்றார். ஹாங்காங் நகரத்தில் பேசும் கான்டனீஸ் வேறு, மதிலூர்ப் பெண்கள் பேசுவது வேறு. திருநெல்வேலிக்காரர் பேசுவது மயிலாப்பூரில் புரிகிற அளவுக்குப் புரியும். சிரிப்பும் அதே அளவுக்கு வரும். எங்களை அக்கா திட்டிய திட்டெல்லாம் அந்தக் கிணற்றடியில் இருந்து வந்தவை.

மறுநாள் சங்கத்துக்காரர்கள் ஊரின் மாதிரி வடிவத்தைக் கொண்டுவந்து ஹாலில் வைத்தார்கள். நான் அக்காவுக்கு போன் பண்ணினேன். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டார்.

செய்தவர் ரேமண்ட் மோக். அறுபத்தைந்து வயது, ஓய்வு பெற்ற சிப் டிசைன் எஞ்சினியர், குபெர்டினோவில் வீடு. நாலு வயதில் ஊரை விட்டு வந்தவர். சாப்பாட்டு மேஜை அளவுக்கு அந்த ஊரை வீட்டு கராஜில் எட்டு மாதம் உட்கார்ந்து செய்திருந்தார். சதுரமான மதில், நாலு மூலையிலும் காவல் கோபுரம், சுற்றி அகழி, வாசலில் இருந்து நேராக ஒரு நடுத்தெரு, அது முடியும் இடத்தில் சாமி அறை, இருபுறமும் வரிசை வரிசையாகச் சந்துகள். ஒவ்வொரு ஓடும் தனித்தனி. அக்கா அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார்.

"ரொம்ப அழகா இருக்கு. ஆனா கிணறு தப்பு" என்றார்.

ரேமண்ட் நிமிர்ந்து பார்த்தார்.

"கிணறு வாசலுக்கு வலது பக்கம் இல்ல, இடது பக்கம். மூணாவது சந்து இவ்ளோ நேரா இருக்காது. அங்க ஒரு வீட்டுக்காரர் ராத்திரியோட ராத்திரியா சுவத்த ஒரு அடி தள்ளிக் கட்டிட்டார். அதனால அங்க ரெண்டு பேர் குடையோட எதிர் எதிரா வந்தா ஒருத்தர் குடைய மடக்கணும். அப்புறம், நாலு கோபுரம் கிடையாது. ரெண்டுதான்."

"எங்கள் வம்சப் புத்தகத்தில் நாலு என்று இருக்கிறது" என்றார் ரேமண்ட். பிறகுதான், "நீங்கள் யார்?" என்று கேட்டார். இதுவரை பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. அக்கா பதிலை அந்தக் கிணற்றடிப் பேச்சில் சொன்னார். ரேமண்ட் கையில் இருந்த சின்ன மரத்தைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பேச்சைக் கடைசியாக அவர் கேட்டது அவருடைய அம்மா இறப்பதற்கு முன்னாலாம்.

அதன்பிறகு ஒரு வாரம் ரேமண்ட் தினமும் வந்தார். பாடம் முடிந்த கையோடு அக்காவும் வருவார். நான் புத்தகங்களை அடுக்கியபடி, அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறும்போதெல்லாம் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். ஊர் எப்படி உண்டானது என்று ரேமண்டுக்கு மனப்பாடமாகத் தெரியும். அறுநூறு வருஷம் முன்னால் வடக்கில் இருந்து ஒரு மோக் இரண்டு மகன்களோடு வந்து அந்த வயல்வெளியில் குடியேறினார். கடற்கொள்ளைக்காரர்கள் தொல்லை தாங்காமல் பேரன்மார் மதில் எழுப்பினார்கள். முந்நூற்று அறுபது வருஷம் முன்னால், கடலோரத்தில் இருக்கும் அத்தனை பேரும் ஊரைக் காலி செய்துவிட்டு உள்நாட்டுக்குப் போக வேண்டும் என்று சக்கரவர்த்தி உத்தரவு போட்டார். தைவானில் இருந்த எதிரிகளுக்குக் கரையில் இருந்து அரிசிகூடப் போகக் கூடாது என்பதற்காக. எட்டு வருஷம் மதிலுக்குள் ஆளே இல்லை. திரும்பி வந்தவர்கள் புறப்பட்டதில் பாதிதான். அவர்களின் வழியில் வந்தவர் ரேமண்ட்.

"எட்டு வருஷம் காலியா கெடந்ததா?" என்று அக்கா கேட்டார். "அது எனக்குத் தெரியாது. பதினோரு வருஷம் இருந்தேன், ஒருத்தரும் சொல்லல."

"கதை ஆண்கள் கையில் இருந்தது. புத்தகத்தில் எழுதிவைத்தார்கள்" என்றார் ரேமண்ட்.

"அதுல கிணறு எந்தப் பக்கம்னு எழுதல பாருங்க."

ரேமண்ட் வாய்விட்டுச் சிரித்தார். ஊரில் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் புத்தாண்டுக்குப் பிறகு வரும் பௌர்ணமியில் முன்னோர் மண்டபத்தில் ஒரு விளக்கு ஏற்றுவார்களாம். அது புத்தகத்தில் இருந்தது. விளக்கு ஏற்றிய அன்றைக்குப் பெண் குழந்தை பெற்றவர்கள் கிணற்றடியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அக்காவிடம் இருந்தது. இரண்டையும் சேர்த்து ரேமண்ட் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

சிக்கல் அடுத்த திங்கட்கிழமை வந்தது. சங்கத் தலைவர் ஸ்டான்லி மோக், ஒரு காலத்தில் மருந்துக்கடை நடத்தியவர், எழுபத்தெட்டு வயது, மடிப்புக் கலையாத சட்டை. கண்காட்சியின் நுழைவாசலில் வைக்கும் பெரிய பலகையைக் கொண்டுவந்தார். ஆங்கிலத்திலும் சீனத்திலும் எழுதியிருந்தது. கடைசி வரி: அறுநூறு ஆண்டுகளாக இந்த மதிலுக்குள் மோக் வம்சத்தாரைத் தவிர வேறு எவரும் வாழ்ந்ததில்லை.

ரேமண்ட் தயங்கியபடி சொன்னார். "அண்ணா, இந்த அம்மா பதினோரு வருஷம் அங்கே இருந்திருக்கிறார்."

ஸ்டான்லி அக்காவை மரியாதையாகப் பார்த்துத் தலையசைத்தார். "வாடகைக்கு இருந்திருப்பார். அந்தக் காலத்தில் அப்படிச் சிலர் இருந்தார்கள். வாழ்வது வேறு, தங்குவது வேறு." பிறகு அக்காவிடமே சொன்னார். "தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் கதையே அந்த மதில்தான். யாரும் உள்ளே வரலாம் என்றால் எதற்காக மதில்?"

"மதில் கொள்ளைக்காரனுக்காக கட்டினது, அங்கிள். நாங்க ஆறு பெட்டியோட வந்தோம்" என்றார் அக்கா.

ஸ்டான்லி கோபப்படவில்லை. பலகையை மட்டும் மாற்றவில்லை.

அன்றைக்கு என்னை வீட்டில் விடுவதாகச் சொல்லி அக்கா காரில் ஏற்றிக்கொண்டார். கலவெராஸ் சாலை தாண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பும் இடத்தில் ஒரு ஸ்டாப் சைன் உண்டு. அங்கே மூன்று எண்ணாமல் கிளம்பினால் அக்கா லைசென்ஸே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அன்றைக்கு அவரே நிற்காமல் போய்விட்டார். கொஞ்ச தூரம் போனபிறகு ஓரமாக நிறுத்தினார்.

"நான் நிக்கலல்ல?"

"இல்லக்கா."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார். "எனக்கு அந்தப் பலகையில பேரு வேணும்னு இல்ல, ப்ரியா. காயலுக்குப் போனா ஹாங்காங்காரின்றாஹ. ஹாங்காங்ல இந்தியாக்காரி. இங்க வந்தா பாஸ்போர்ட்ட பார்த்துட்டு எந்த ஊருன்னு ரெண்டு தடவ கேட்பான். இதெல்லாம் பழகிப்போச்சு. ஆனா யாருமே இல்லன்னு எழுதிட்டா, அந்தப் பதினோரு வருஷம் நான் எங்க இருந்தேன்?"

"கிணத்த மாத்திட்டாங்களா?" என்று கேட்டேன்.

"அதுவும் மாத்தல."

மூன்று நாள் அக்கா நூலகம் பக்கம் வரவில்லை. நாலாவது நாள் ரேமண்ட் அவரைத் தேடிக்கொண்டு வந்து என்னிடம் நம்பர் வாங்கினார். விஷயம் இதுதான். ஊரில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை பெரிய திருவிழா நடக்கும். ஐந்து நாள் ஊரே சைவம். ஊரார் ஒவ்வொருவர் பெயரையும் சிவப்புத் தாளில் தூரிகையால் எழுதி, ஒரு சுவர் முழுக்க ஒட்டுவார்கள். சாமி பார்த்து ஆசீர்வதிப்பதற்காக. தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஆளாளுக்கு வந்து சரிபார்ப்பார்களாம். 1985-ஆம் வருஷத்துப் பட்டியலின் படங்கள், ஒன்பது துண்டுகளாக, ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரிடமிருந்து அப்போதுதான் வந்திருந்தன. அதைக் கண்காட்சியில் பெரிதாக வைக்க ஆசை. ஆனால் தூரிகை எழுத்து, பாதி மங்கல். எந்தப் பெயர் எந்த வீடு என்று சங்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

அக்கா போனில் கேட்டது ஒரே கேள்வி. "கிணறு?"

"மாற்றிவிட்டேன். இடது பக்கம்."

"மூணாவது சந்து?"

"வளைத்துவிட்டேன். அதற்காக ஏழு வீட்டைப் பிடுங்கி ஒட்டினேன்."

சனிக்கிழமை மதியம் வந்தார்கள். நான் ஒரு ஸ்டடி ரூம் பதிவு செய்து கொடுத்தேன். ரேமண்ட் லேப்டாப்பில் படத்தைப் பெரிதாக்குவார், அக்கா படிப்பார், அவர் தட்டுவார். பட்டியல் சந்து சந்தாக, வீடு வீடாகப் போனது. அக்காவுக்கு அது பட்டியலாகத் தெரியவில்லை, தெருவாகத் தெரிந்தது. "இது முதல் சந்து மூலை வீடு, வாத்து வளர்த்தவர். இது அவரோட தம்பி, ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க, ஆனா வாத்து மட்டும் அங்கயும் இங்கயும் போகும். இந்தப் பொண்ணு என் கிளாஸ். கணக்குல என்னவிட மோசம். இப்ப பேங்க் மேனேஜராம்." ரேமண்ட் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் அவருடைய அப்பாவின் அண்ணன் பெயர் வந்தது. அந்த வீட்டுத் திண்ணையில் எப்போதும் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருக்கும் என்று அக்கா சொன்னார். ரேமண்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது சந்து வந்தது. மூன்றாவது வீடு, ஐந்தாவது வீடு. நடுவில் நாலாவது வீடு இல்லை. அதுதான் அக்கா இருந்த வீடு.

"இருக்காது" என்றார் அக்கா. "பேர் எழுத வந்தப்ப நான் கதவுப் பக்கம் நின்னேன். வாப்பா நல்லபடியாத்தான் சொன்னாஹ. எங்க வழி வேற, எங்க பேர இதுல சேக்காதீங்கன்னு. அவங்களும் சரின்னு போயிட்டாங்க." அடுத்த பெயருக்குப் போனார்.

ஒன்பதாவது துண்டு முடியும்போது மணி நாலரை. கடைசியில் பெரியவர்களின் பெயரும் தேதியும். அதற்கும் கீழே, இடது மூலையில், சின்ன எழுத்தில் இரண்டு வரி இருந்தது. ரேமண்ட் அது தாள் விற்ற கடையின் பெயராக இருக்கும் என்றார். அக்கா பெரிதாக்கச் சொன்னார். பிறகு இன்னும் பெரிதாக்கச் சொன்னார்.

அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. எழுந்து போய்க் கண்ணாடிக் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நான் வெளியில் இருந்து பார்த்துவிட்டு என்னவோ ஏதோ என்று உள்ளே போனேன். ரேமண்ட்தான் எனக்கு வரிவரியாகச் சொன்னார்.

'மதிலுக்குள் குடியிருப்போர். வழிபாட்டில் சேராதவர். நால்வர்.' அதன் கீழே, உச்சரிப்பை மட்டும் வைத்துச் சீன எழுத்தில் நாலு பெயர். ஸா-தாக், லா-தை-ஃபா, ஸு-ஹாய். கடைசியாக, அ-ஸி-ஃபா.

"ஸி என்றால் கவிதை. ஃபா என்றால் பூ" என்றார் ரேமண்ட். "சத்தத்துக்கு எந்த எழுத்தை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். தேடிப் போட்டிருக்கிறார்."

அக்கா திரும்பிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது, குரல் சாதாரணமாக இருந்தது. "ஸ்கூல்ல என் பேருக்கு மேற்குன்னு ஒரு எழுத்து போட்டிருந்தாங்க. மேற்குன்னா மேற்கு, அவ்ளோதான்" என்றார். பிறகு, "வா, உம்மாகிட்ட போகணும்" என்று என் கையைப் பிடித்தார்.

நாங்கள் போனபோது லத்தீஃபா ஆன்ட்டி வட்டலப்பத்தை அடுப்பில் வைத்துவிட்டு, மூடியைத் திறக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பசீர் அண்ணன் தட்டோடு பக்கத்தில் காத்திருந்தார். அக்கா போனை நீட்டினார். ஆன்ட்டிக்குச் சீன எழுத்து படிக்க வராது. அக்கா படித்துக் காட்டினார்.

ஆன்ட்டி மூடியை அப்படியே விட்டுவிட்டு அடுப்பை அணைத்தார். "ஆமா. நாந்தான் கொடுத்தேன்" என்றார்.

"உம்மா."

"வாப்பா வேணாம்னு சொல்லி அனுப்பிச்ச மறுநா கிணத்தடிக்கு போனேன். எழுதுற ஐயா பொஞ்சாதி அங்க இருந்தா. ஏன் வேணாம்னியளாம்னு கேட்டா. சாமிகிட்ட கேக்குறது எங்களுக்கு ஆகாது, நாங்க அல்லாகிட்டதான் கேப்போம்னேன். அது சரி, ஆனா மதிலுக்குள்ள எத்தன பேருன்னு கணக்கு வேணுமே, நாலு பேர விட்டுட்டு எழுதுனா பொய்யாயிருமேன்னா. பொய்யின்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. சாமிகிட்ட சேக்காம, எண்ணிக்கையில மட்டும் சேத்துக்க முடியுமான்னு கேட்டேன். ஐயாகிட்ட கேட்டு சொல்றேன்னு போனா. சாயங்காலம் வந்து, அடியில தனியா எழுதிட்டாருன்னா."

"வாப்பாக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஒரு வாரம் பேசாம இருந்திருப்பாஹ. அதான் சொல்லல."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அப்பல்லாம் எதையும் வாப்பாகிட்ட ஓடிப்போய் சொல்ற புள்ள" என்றார் ஆன்ட்டி. "அப்புறம் மறந்துபோச்சு. அது என்ன பெரிய விஷயமா. அந்த வருஷம் மழைக்குப் பின்பக்க மதில்ல வெடிப்பு விட்டிருந்துச்சு. இடிஞ்சு விழுந்தா மோக் தலைய மட்டும் பாத்தா விழும்?"

பசீர் அண்ணன் சிரித்துவிட்டார். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரத்தில் அழுகையாகி, உம்மா தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். வாப்பா இறந்து பதினைந்து வருஷம் ஆகிறது. "ஒரு வாரம் இல்ல உம்மா, பத்து நாள் பேசியிருக்க மாட்டாஹ" என்றார்.

ரேமண்ட் அன்றைக்கே படத்தை ஸ்டான்லிக்கு அனுப்பியிருக்கிறார். பதில் வரவில்லை. திங்கட்கிழமை ஸ்டான்லியே நூலகத்துக்கு வந்தார். பூதக்கண்ணாடி கொண்டுவந்திருந்தார். பெரிதாக அச்சடித்த ஒன்பதாவது துண்டின் முன்னால் குனிந்து நெடுநேரம் பார்த்தார். அக்காவுக்குப் பாடம் இருந்தது, ஆனாலும் கேன்சல் பண்ணிவிட்டு வந்து நின்றார்.

"இதை எழுதியவர் எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியர்" என்றார் ஸ்டான்லி கடைசியில். "ஒரு கோடு கோணினால் முழுத் தாளையும் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்வார். நானும் எழுதியிருக்கிறேன். அவர் தெரியாமல் ஒரு எழுத்து எழுத மாட்டார்." பூதக்கண்ணாடியைப் பையில் வைத்தார். "பலகை தப்பு. அதை எடுத்துவிடச் சொல்கிறேன்."

"அங்கிள், எனக்காக வேணாம்" என்றார் அக்கா.

"உங்களுக்காக இல்லை. அவர் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். நான் எண்ணாமல் எழுதிவிட்டேன்." வாசல் வரை போய்த் திரும்பி நின்றார். "ஆனால் கோபுரம் நாலுதான். முதலில் கட்டியபோது நாலு. இரண்டு விழுந்ததற்கு நான் பொறுப்பில்லை."

"நாலே இருக்கட்டும்" என்றார் அக்கா.

புதுப் பலகையின் கடைசி வரியை ஸ்டான்லியே தூரிகையால் எழுதினார். 1985-இல் இந்த மதிலுக்குள் நானூற்றுப் பன்னிரண்டு மோக் குடும்பத்தாரும், வேறு வழிபாட்டைச் சேர்ந்த நால்வரும் வாழ்ந்தனர் என்று. தங்கினர் என்று எழுதவில்லை. ரேமண்ட் அந்தச் சொல்லை எனக்குத் தனியாக விரல் வைத்துக் காட்டினார்.

கண்காட்சி திறந்த அன்று நல்ல கூட்டம். சிங்க நடனம் ஆடினார்கள், நூலகத்தில் அவ்வளவு சத்தம் நான் கேட்டதே இல்லை. லத்தீஃபா ஆன்ட்டி ஸ்வெட்டருக்கு மேல் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு மாதிரி ஊரைச் சுற்றி வந்தார். உங்கள் வீடு எது என்று ரேமண்ட் கேட்டதும், இதோ என்று விரலை வைத்தார். கூரை பெயர்ந்து உள்ளே விழுந்தது. சுற்றி நின்றவர்கள் பதறிப் போனார்கள். ஆன்ட்டி பதறவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "மாடிப்படி வைக்கலியே. எங்க வீட்டுக்குள்ள மரப்படி உண்டு" என்று மகளிடம் சொன்னார். அக்கா அதை மதிலூர்ப் பேச்சில் மாற்றிச் சொன்னார். கூட்டத்தின் பின்னால் இருந்து யாரோ இரண்டு பேர் அதே பேச்சில் பதில் சொன்னார்கள். அதில் ஒருவர் ஸ்டான்லி.

விருந்துக்கு, பெரிய பாத்திரத்தில் அடுக்கடுக்காக வைக்கும் அவர்கள் ஊர்ச் சாப்பாடு வந்தது. அதில் பன்றி இறைச்சி உண்டு. எங்களுக்காக மீன், காளான், முள்ளங்கி மட்டும் வைத்து வேறொரு கடையில் தனியாக ஒரு பாத்திரம் சொல்லியிருந்தார்கள். நான் சைவம் என்பதால் கடைசியில் எனக்கு முள்ளங்கிதான் கிடைத்தது. நன்றாகவே இருந்தது.

கண்காட்சி மூன்று வாரம் நடந்து முடிந்து, இப்போது சாக்ரமென்டோவில் இருக்கிறது. ரேமண்ட் மூன்றாவது சந்து நாலாவது வீட்டுக்குள் ஒரு மரப்படி வைத்து, கூரையை எடுத்துப் பார்க்கிற மாதிரி செய்துவிட்டார். சனிக்கிழமைகளில் பாடம் இல்லையென்றால் அக்கா அங்கே போய்ப் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்கிறார். மதிலில் இருக்கும் துப்பாக்கி ஓட்டைகள் வழியாக நீங்கள் யாரையாவது சுட்டீர்களா என்று ஒரு பையன் கேட்டானாம். "இல்ல, அது வழியா பக்கத்து வீட்டுப் பூனைக்கு மீன் போட்டேன்" என்றாராம்.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் அக்காவைச் சேர்த்துவிட்டார்கள். உலகம் முழுக்க முந்நூறு மோக். ஒரு நாளைக்கு அறுபது மெசேஜ். யாருக்கோ பேரன் பிறந்தது, யாரோ இங்கிலாந்தில் ஹோட்டலை விற்றது, வாசல் இரும்புக் கதவுக்கு எந்தப் பெயின்ட் அடிப்பது என்று நாலு நாள் சண்டை. பாடம் நடக்கும்போது டிங் டிங் என்று அடித்தால் ஓட்டுகிறவர்களுக்குக் கவனம் சிதறுகிறது என்று அக்கா அதை ம்யூட் செய்திருக்கிறார். எட்டு மணி நேரத்துக்கு மட்டும். ஒவ்வொரு நாள் காலையிலும் முதல் பாடத்துக்கு முன்னால் மறுபடி ம்யூட் செய்கிறார். நிரந்தரமாக ம்யூட் செய்ய ஒரு பட்டன் இருக்கிறது என்று நான் காட்டினேன்.

"தெரியும்" என்றார்.